விளைநிலம் காக்க ஒரு வரி ஒப்பந்தம்: கலிபோர்னியா உழவர்களின் அனுபவம்

விளைநிலம் ஒரு முறை மனைநிலமாகிவிட்டால் அதில் மீண்டும் ஏர் பூட்ட முடியாது. கல் நட்டு, சாலை போட்டு, வாய்க்காலையும் தூர்த்துவிட்ட பிறகு அந்த மேல்மண் போனது போனதுதான். ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் பிடிக்கும் என்பதை உழவர் பெருமக்கள் அறிவீர்கள். உழவர் ஏன் நிலத்தை விற்கிறார் என்று கேட்டால், நல்ல விலை வந்தது, விற்றார் என்போம். ஆனால் விற்க மனமில்லாத உழவரையும் நிலவரியே விற்க வைத்த இடம் ஒன்று உண்டு. அது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். அதைத் தடுக்க உழவருக்கும் உள்ளாட்சிக்கும் இடையே ஓர் ஒப்பந்த முறையை 1965-இல் அம்மாநிலம் கொண்டு வந்தது. இன்றும் நடைமுறையில் உள்ள அந்த முறையின் நிறை குறைகளை இங்குக் காண்போம்.

வரியே துரத்திய நிலம்

நம் நாட்டு நிலத் தீர்வையை வைத்துப் பார்த்தால் இந்தச் சிக்கல் எளிதில் விளங்காது. நம்மிடம் நஞ்சையா புஞ்சையா, மண் வயனம் என்ன, தரம் என்ன, பாசனம் எப்படி என்று பார்த்துத் தீர்வை விதிக்கப்படுகிறது. பக்கத்து வயலை மனைகளாகப் பிரித்து என்ன விலைக்கு விற்றாலும் நம் வயலின் கிஸ்தி அதனால் ஏறுவதில்லை.

அங்கே அப்படி இல்லை. நிலம், வீடு, கடை எல்லாவற்றுக்கும் சொத்து வரி ஒன்றே. அதுவும் சந்தை மதிப்பின் மீது விதிக்கப்படுவது. பள்ளிக்கூடம், சாலை, தீயணைப்பு ஆகியவற்றுக்கான பணம் பெரிதும் இந்த வரியிலிருந்தே வந்தது. கவுண்டி எனப்படும் உள்ளாட்சியின் மதிப்பீட்டு அலுவலர், பக்கத்தில் இதே போன்ற நிலம் என்ன விலைக்குப் போயிற்று என்று பார்த்து மதிப்பைக் குறிப்பார். அந்த நிலத்தில் என்ன விளைகிறது, உழவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பது அவருக்குக் கணக்கில்லை. (கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் போன்றது. ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே அதை ஆள்கிறது.)

சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே சாந்தா கிளாரா பள்ளத்தாக்கு உள்ளது. ஆழமான வண்டல் மண், மிதமான தட்பவெப்பம். ஒரு காலத்தில் பிளம், ஏப்ரிகாட் பழத்தோட்டங்களுக்கு உலகப் புகழ் பெற்றிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே மக்கள் பெருகினர். சான் ஹோசே நகரம் தோட்டங்களுக்கு நடுவே பரவத் தொடங்கியது. ஒருவர் தோட்டத்தை வீட்டுமனைக்கு விற்பார். அந்த விலையைக் கொண்டு பக்கத்துத் தோட்டத்தின் மதிப்பு ஏறும். மதிப்போடு வரியும் ஏறும். பழம் விற்ற பணம் வரிக்கே போதாமல் அவரும் விற்பார். அடுத்த தோட்டத்துக்கும் அதே கதிதான். தொற்று நோய் போல வரிசையாகத் தோட்டங்கள் சாய்ந்தன. அந்தப் பள்ளத்தாக்குதான் இன்று சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று பெயர் பெற்றிருக்கிறது.

1965 சட்டம்

மற்றப் பகுதிகளுக்கும் இக்கதி வராமல் தடுக்க 1965-இல் கலிபோர்னியா நிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டமன்றத்தில் இதை முன்மொழிந்த ஜான் வில்லியம்சன் பெயரால் வில்லியம்சன் சட்டம் என்றே உழவர்கள் இதைக் குறிப்பிடுகின்றனர். எல்லாச் சொத்துக்கும் சந்தை மதிப்பிலேயே வரி என்று மாநில அரசமைப்பு சொல்லியிருந்ததால், சட்டம் மட்டும் போதவில்லை. 1966 நவம்பரில் மக்கள் வாக்களித்து அரசமைப்பைத் திருத்திய பிறகே இதற்கு உறுதியான அடித்தளம் கிடைத்தது.

முறை எளிது. நிலத்தைப் பயிர்த்தொழிலுக்கோ, கால்நடை மேய்ச்சலுக்கோ, அதனுடன் இயைந்த பணிக்கோ மட்டுமே பயன்படுத்துவேன் என்று உழவர் எழுதிக் கொடுக்கிறார். விளைச்சல் தரும் வருமானத்தைக் கொண்டே வரி விதிப்பேன் என்று கவுண்டியோ நகராட்சியோ ஏற்றுக் கொள்கிறது. ஒப்பந்தக் காலம் குறைந்தது 10 ஆண்டுகள். ஆண்டுதோறும் ஓராண்டு தானாகவே சேர்ந்து கொள்வதால், எந்நாளிலும் ஏறத்தாழ 10 ஆண்டுக் கடப்பாடு முன்னே இருந்து கொண்டே இருக்கும். நிலத்தை விற்றாலும், பிள்ளைகளுக்கு எழுதி வைத்தாலும் ஒப்பந்தம் நிலத்தோடு சேர்ந்தே போகும்.

ஒப்பந்தத்துக்கு முன்பு அந்தப் பகுதியை வேளாண் காப்பு நிலம் என்று உள்ளாட்சி அறிவிக்க வேண்டும். அதற்குப் பொதுவாக 100 ஏக்கர் தேவை. சிறு உழவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். அந்த 100 ஏக்கரும் ஒருவருடையதாக இருக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்துள்ள நிலக்காரர்கள் பலர் சேர்ந்தும் அதை அமைக்கலாம். என் கருத்தில் சட்டத்தின் மிக நல்ல பகுதி இதுவே. நாலு பக்கமும் வீடு எழும்பிய பின் நடுவில் ஒரு வயலை மட்டும் காப்பாற்றி என்ன பயன்? மருந்து தெளித்தால் புகார், உழவு இயந்திரம் ஓடினால் புகார் என்றுதான் காலம் போகும்.

வரிக் கணக்கு

எண்களைக் கொண்டு பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக் கொண்டவை. ஊருக்கு ஊர் மாறும்.

ஒருவரிடம் 100 ஏக்கர் இருக்கிறது. சந்தை விலை ஏக்கருக்கு 20,000 டாலர். மொத்த மதிப்பு 20 லட்சம் டாலர். 1 சதவீத வரி என்றால் ஆண்டுக்கு 20,000 டாலர் கட்ட வேண்டும்.

ஒப்பந்தம் செய்து கொண்டால் மதிப்பீட்டு அலுவலர் சந்தை விலையைப் பார்க்க மாட்டார். அந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் நியாயமாக என்ன நிகர வருமானம் வரும் என்று பார்ப்பார். ஏக்கருக்கு 300 டாலர் என்று கொள்வோம். இதை ஒரு விகிதத்தால் வகுக்க வேண்டும். நீண்ட கால அரசுக் கடன் பத்திரங்களின் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் மாநில வரி வாரியம் அறிவிக்கும் வட்டி விகிதம், வேளாண்மையில் உள்ள இடர்ப்பாட்டுக்கு ஒரு பங்கு, வரிக்கு ஒரு பங்கு ஆகியவை சேர்ந்தது அந்த விகிதம். அது 6 சதவீதம் என்றால் ஏக்கர் மதிப்பு 5,000 டாலர். நூறு ஏக்கருக்கு 5 லட்சம். வரி 5,000 டாலர். ஆக ஆண்டுக்கு 15,000 டாலர் மிச்சம்.

வீடும் வீடு அமைந்த இடமும் இச்சலுகையில் சேரா. அவற்றுக்கு எல்லோரையும் போலவே வரி.

1998-இல் இன்னொரு படி சேர்க்கப்பட்டது. 20 ஆண்டுக் கடப்பாட்டை ஏற்று, வேளாண் பாதுகாப்பு மண்டலம் என்ற வகையில் சேர்ந்தால் மதிப்பு மேலும் 35 சதவீதம் குறையும். நம் கணக்கில் வரி 3,250 டாலர் ஆகும். பாதாம் போன்ற மரப்பயிர்க்காரருக்கு இது பொருத்தமானது என்பேன். கன்று நட்டுக் காய்ப்புக்கு வர 3, 4 ஆண்டுகள் ஆகும்; தோட்டம் ஏறத்தாழ 25 ஆண்டுகள் நிற்கும். மரம் நடுபவர் ஏற்கனவே அத்தனை ஆண்டுக்கு நிலத்தோடு தம்மைக் கட்டிப் போட்டவர்தானே.

வெளியேறும் வழி

ஒப்பந்தத்திலிருந்து விலகுவதற்கு முறையான வழி, இனிப் புதுப்பிக்க வேண்டாம் என்று அறிவிப்புக் கொடுப்பது. உழவரும் கொடுக்கலாம், உள்ளாட்சியும் கொடுக்கலாம். அதன் பிறகு மீதி 9 ஆண்டுகள் ஒப்பந்தம் நீடிக்கும். அந்த ஆண்டுகளில் வரி படிப்படியாக ஏறி முழு அளவுக்கு வந்து சேரும்.

உடனே விலக வேண்டுமானால் ரத்துக் கோரி மனுச் செய்ய வேண்டும். ரத்து, சட்டத்தின் நோக்கத்துக்கு ஒத்தது என்றோ பொது நலனுக்கு உகந்தது என்றோ உள்ளாட்சி மன்றம் காரணத்துடன் முடிவு செய்ய வேண்டும். கட்டுப்பாடற்ற சந்தை மதிப்பில் 12.5 சதவீதம் கட்டணம் உண்டு. நம் கணக்கில் அது 2,50,000 டாலர். பதினாறு ஆண்டுகளுக்கு மேல் சேர்த்த வரி மிச்சம் அத்தனையும் அதில் போய்விடும். இருபது ஆண்டு வகைக்குக் கட்டணம் 25 சதவீதம்.

1981-இல் ஹேவர்டு நகரத்தில் வீடு கட்டுவதற்காக மேய்ச்சல் நிலம் ஒன்றின் ஒப்பந்தம் ரத்துச் செய்யப்பட்ட வழக்கில், அந்த ரத்துச் செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல விலை கிடைக்கிறது என்பது ரத்துக்குக் காரணமாகாது, அவசரமில்லாதவர் 9 ஆண்டு வழியில் போகட்டும் என்பதே தீர்ப்பின் சாரம். உடனே சட்டமன்றம் குறுகிய காலத்துக்கு ரத்து விதிகளைத் தளர்த்தி, சிலர் வெளியேற வாசல் திறந்து விட்டது. சட்டத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் இழுபறி இருந்து வந்தது என்பதற்கு இது சான்று.

பயன் கிடைத்ததா?

கலிபோர்னியாவின் பயிர் நிலமும் மேய்ச்சல் நிலமும் சேர்ந்து ஏறத்தாழ 3 கோடி ஏக்கர். அதில் பாதி, அதாவது 1.6 கோடி ஏக்கர் அளவுக்கு இவ்வொப்பந்தத்தில் வந்தது. 58 கவுண்டிகளில் 50-க்கு மேற்பட்டவை சேர்ந்தன. எண்ணைப் பார்த்தால் பெரிய வெற்றி. ஆனால் எந்த நிலம் வந்தது என்று பார்க்க வேண்டும். நகரத்தை விட்டுத் தள்ளியிருந்தவர்கள் ஆர்வத்துடன் சேர்ந்தனர். நகர எல்லையை ஒட்டி இருந்தவர்களில் பலர், நாளை நல்ல விலை வரும், இப்போது எதற்குக் கையைக் கட்டிக் கொள்வது என்று ஒதுங்கி நின்றனர். காவல் எங்கே மிகவும் தேவையோ அங்கேயே ஆள் குறைவு. விருப்பத்தின் பேரில் சேரும் எந்தத் திட்டத்துக்கும் இந்தக் குறை உண்டு.

1978-இல் இன்னொரு மாற்றம் வந்தது. 13-ஆம் தீர்மானம் என்று பெயர் பெற்ற மக்கள் வாக்கெடுப்பின்படி, அடிப்படைச் சொத்து வரி மதிப்பில் 1 சதவீதமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. நிலம் கைமாறும் போதுதான் புது மதிப்பு. இதனால் நெடுங்காலமாக நிலம் வைத்திருப்பவருக்கு ஒப்பந்தம் இல்லாமலே வரி குறைவு. ஆகவே ஒப்பந்தத்தின் முழுப் பயன் இப்போது அண்மையில் நிலம் வாங்கியவருக்கே கிடைக்கிறது. வில்லியம்சன் காலத்தில் காக்க நினைத்தது பழைய குடியானவரை. இன்று பெரிதும் காப்பது புதிதாக வந்தவரை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. புதிதாக நிலம் வாங்கி உழவுக்கு வருபவரும் நமக்கு வேண்டியவரே.

குறைந்த வரியை யார் ஈடு செய்வது?

உழவருக்கு மிஞ்சும் 15,000 டாலர் வானத்திலிருந்து வருவதில்லை. கவுண்டியின் பள்ளிக்கும் சாலைக்கும் போக வேண்டிய பணம் அது. இதை உணர்ந்து 1970-களின் தொடக்கத்திலிருந்து மாநில அரசு உள்ளாட்சிகளுக்கு ஈட்டுத் தொகை கொடுத்து வந்தது. பிற்காலத்தில் முதல் தர நிலத்துக்கு ஏக்கருக்கு 5 டாலர், மற்ற நிலத்துக்கு 1 டாலர் என்ற விகிதம் நிலவியது. இழப்பு முழுவதையும் இது ஈடு செய்யாவிட்டாலும் கவுண்டிகள் சலிப்பின்றித் தொடர இது உதவியது.

2009-இல் மாநிலத்தின் நிதி நிலை சீர்குலைந்தது. அப்போதைய ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் இத்தொகையை, மாநிலம் முழுமைக்கும் சேர்த்து, வெறும் 1,000 டாலர் என்று வெட்டினார். ஆண்டுக்குக் கோடிக்கணக்கான டாலர் வந்து கொண்டிருந்த இடத்தில் ஆயிரம். கொலராடோ ஆற்று நீரைக் கால்வாய் வழியாகக் கொண்டு வந்து பாலைவனத்தில் பயிர் செய்யும் இம்பீரியல் கவுண்டி, தன்னிடமுள்ள ஒப்பந்தங்கள் எதையும் இனிப் புதுப்பிப்பதில்லை என்று 2010-இல் முடிவெடுத்தது. உழவர்கள் வாக்குத் தவறவில்லை. மறுபக்கத்தால் தாங்க முடியவில்லை. 2011-இல் வந்த ஒரு திருத்தம், ஒப்பந்தக் காலத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்து, வரிச் சலுகையிலும் பத்தில் ஒரு பங்கைக் கவுண்டி திரும்பப் பெற வழி செய்தது. உழவர்களில் பலர் முணுமுணுத்தாலும் ஏற்றுக் கொண்டனர். ஒன்பது பங்காவது நிற்கட்டுமே என்பது அவர்கள் கணக்கு.

மரின் கவுண்டியின் வழி

பத்தாண்டு ஒப்பந்தம் நிலத்துக்கு வேலி போன்றது. வேலி இருந்தும் ஆடு புகுந்தால் என் செய்வது என்ற கேள்விக்கு, சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே பாலத்துக்கு அப்பால் உள்ள மரின் கவுண்டி வேறு ஒரு விடை கண்டது. அங்கே பால் பண்ணைகள் மிகுதி. நகரம் கூப்பிடு தூரத்தில். 1970-களின் தொடக்கத்தில், பண்ணைப் பகுதியில் 60 ஏக்கருக்கு ஒரு வீட்டுக்கு மேல் கட்டக் கூடாது என்று கவுண்டி விதி செய்தது. விதியால் நிலத்தின் விலை குறைந்ததே என்று பண்ணையாளர்கள் வருந்தினர். அவ்வருத்தத்தில் நியாயம் இருந்தது. 1980-இல் பால் பண்ணையாளரான எலன் ஸ்ட்ராஸ், உயிரியலாளரான ஃபிலிஸ் ஃபேபர் ஆகிய இரு பெண்மணிகள் முன்னின்று மரின் வேளாண் நில அறக்கட்டளையைத் தோற்றுவித்தனர். வீடு கட்டும் உரிமையை மட்டும் இந்த அறக்கட்டளை பண்ணையாளரிடமிருந்து விலைக்கு வாங்குகிறது. நிலம் அவருடையதே, பட்டாவும் அவர் பெயரிலேயே. மனைக்கு உள்ள விலைக்கும் பண்ணைக்கு உள்ள விலைக்கும் இடைப்பட்ட தொகை அவர் கைக்கு ரொக்கமாக வருகிறது. கடனை அடைக்கவும், அண்ணன் தம்பிகளுக்குப் பங்கு கொடுத்து ஒருவரே பண்ணையைத் தொடரவும் பலர் அத்தொகையைப் பயன்படுத்தினர். இக்கட்டுப்பாடு 10 ஆண்டுக்கோ 20 ஆண்டுக்கோ அன்று, என்றைக்குமாக. இவ்வகையில் இதுவரை 50,000 ஏக்கருக்கு மேல் அங்கே காக்கப்பட்டுள்ளது. அங்குள்ள பண்ணைகள் பலவற்றில் வில்லியம்சன் ஒப்பந்தமும் கூடவே நடப்பில் இருக்கிறது. ஆண்டு வரியைக் குறைக்க அது, விற்பனை ஆசையைத் தணிக்க இது.