முருகன் சூடிய காந்தள்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 மலர்களில் முதலிடம் பெறுவது செங்காந்தள். திருமுருகாற்றுப்படையில் நக்கீரர், முருகப்பெருமானின் திருமுடியில் காந்தட் கண்ணியைக் கண்டு வணங்குகிறார். குறிஞ்சிக் கிழவனுக்கு உகந்த அந்த மலைமலரே இன்று நம் மாநில மலர். கார்த்திகைப்பூ என்றும், கண்வலிக்கிழங்கு என்றும் வழங்குவது இதுவே.

இதனை அடையாளம் காண்பது எளிது. இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு, அருகிலுள்ள செடியைப் பற்றி ஏறும். ஆறு இதழ்களும் அலைபோல் நெளிந்து, தீச்சுடராய் மேல்நோக்கி வளைந்திருக்கும். அரும்பில் பசுமை, விரிந்தபின் மஞ்சள், முதிர முதிரச் செம்மை. மண்ணுக்கடியில் உள்ள கிழங்கு கலப்பை வடிவில் கவைத்திருக்கும். அதனால் கலப்பைக் கிழங்கு என்ற பெயரும் உண்டு.

வீட்டில் வளர்க்க விரும்பும் அன்பர்கள் காட்டிலிருந்து கிழங்கைத் தோண்டி எடுக்கலாகாது. மருந்துக்காக இதைப் பயிரிடும் விவசாயிகளிடமோ நாற்றுப்பண்ணையிலோ பெறுவதே முறை. முளை கிழங்கின் நுனியில்தான் இருக்கும். அது முறிந்தால் செடி எழாது. நீர் தேங்காத மணற்பாங்கான செம்மண்ணில், ஆடி மாதத்தில், நான்கு விரற்கடை ஆழத்தில் கிழங்கைக் கிடத்தி நட்டு, ஏறுவதற்குக் கொம்பு ஊன்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும். பின்னர் கொடி காய்ந்துவிடும். பட்டுப்போயிற்றென்று பிடுங்கி எறிய வேண்டாம். கிழங்கு உறங்குகிறது. நீர் ஊற்றாமல் விட்டுவைத்தால் அடுத்த மழைக்குத் தானே துளிர்க்கும்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் மறவாதீர்கள். இக்கொடியின் எல்லாப் பாகங்களிலும் கோல்ச்சிசின் என்னும் நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. வள்ளிக்கிழங்கென்று எண்ணி உண்டு உயிரிழந்தோர் உண்டு. இதற்கு மாற்றுமருந்து இல்லை. வாந்தியும் பேதியும் சில மணி நேரம் கழித்தே தொடங்குமாதலால், உண்டது தெரிந்த உடனேயே மருத்துவமனைக்கு விரையுங்கள், கைவைத்தியம் கூடாது. கையுறை அணிந்தே கிழங்கை நடுங்கள். பேரக்குழந்தைகளுக்கும் பசுவுக்கும் எட்டாதபடி வேலிக்குள் கொடி இருக்கட்டும். பூசைக்கு வைத்த மலரைப் பிரசாதமாகக் குழந்தைகள் கையில் தர வேண்டாம்.

கந்தன் சூடிய மலர் கண்ணுக்கு விருந்து, வாய்க்கு அன்று. அந்த எல்லையை அறிந்து வளர்த்தால், கார்த்திகை தோறும் நம் இல்லத்து வேலியில் தீபம்போல் அது மலரும்.