கைப்பேசிக்குள் ஒரு கடைத்திண்ணை

இந்தப் பொங்கலுக்குத் தாராவி 90 அடி சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைத்துக்கொண்டிருந்தபோது, நம்மவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். மளிகைக் கடை வைத்திருப்பவர். "அண்ணாச்சி, வாட்ஸ்அப்பில் போட்டால் வியாபாரம் பெருகும் என்கிறான் என் மகன். ஆறு மாதமாகப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்றையும் காணோமே?" என்றார். புகைக்கு நடுவே நின்று சொல்லி முடிக்கக்கூடிய விஷயமல்ல. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அவர் அனுப்பியவற்றை வாங்கிப் பார்த்தேன். காலையில் ரோஜாப்பூப் படத்துடன் ஒரு வணக்கம். பிறகு துவரம்பருப்பு விலை. மாலையில் மறுபடியும் துவரம்பருப்பு விலை. அவர் செய்தது கடைக்கு வெளியே பலகை மாட்டியது போலத்தான். பலகையை ஒருமுறை படித்தவர் மறுநாள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

என் பெரியப்பா 1960-களில் பாளையங்கோட்டையிலிருந்து பம்பாய்க்கு வந்தவர். மாட்டுங்கா ரயில் நிலையம் அருகே, 1942-இல் ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கில் சாப்பிட்டு வந்தார். அவருக்கு முதல் வேலை பற்றிச் சொன்னது பக்கத்து இலைக்காரர். தங்க அறை கிடைத்ததும் அப்படியே. ஊரை விட்டு வந்த பையன்களுக்கு அந்தப் பந்திதான் வேலைவாய்ப்பு அலுவலகம் என்று சொல்லிச் சிரிப்பார். இதற்காகக் கடைக்காரர் தனியாக ஒன்றும் செய்திருக்க மாட்டார். நேரத்துக்குச் சோறு போட்டார், பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். வாடிக்கையாளர்கள் கடைக்காரரோடு பேசுவது ஒரு பங்கு. அவர்களுக்குள்ளே பேசிக்கொள்வதுதான் மூன்று பங்கு. கைப்பேசி வந்த பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை என்பதை என் மதினியின் பலகாரத் தொழிலில் கண்ணால் பார்த்தேன்.

மதினி தாராவியில் செய்யும் முறுக்கும் தட்டையும் முன்பு செம்பூர், முலுண்ட் கடைகளுக்கு மொத்தமாகப் போகும். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 1-இல் தாராவியில் முதல் கொரோனா நோயாளி. அதன் பிறகு எங்கள் பேட்டையின் பெயரைக் கேட்டாலே மற்றவர்கள் ஒதுங்கினார்கள். ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவி நோயை அடக்கியதை எடுத்துக்காட்டாகச் சொன்னார். ஆனாலும் கடைகளில் "தாராவிச் சரக்கா, கொஞ்ச நாள் போகட்டும்" என்றுதான் பதில் வந்தது.

அண்ணன் மகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். உறவினர், தெரிந்தவர் என்று எழுபது சொச்சம் பேரைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினாள். முதல் மாதம் அவளும் ரோஜாப்பூதான்! ஒரு நாளைக்கு ஐந்து விலைப்பட்டியல். ஒவ்வொருவராகக் கழன்று பாதிப்பேர் போய்விட்டார்கள்.

ஒருநாள் செம்பூரிலிருந்து ஒரு மாமி குழுவில் கேட்டார்: "முந்திரிக்கொத்து செய்தேன், மேல்மாவு பிரிந்து எண்ணெயில் கரைந்துவிட்டது, ஏன்?" மதினிக்கு எழுத அலுப்பு. குரல் பதிவாகவே சொன்னார்: வறுத்த பாசிப்பயற்று மாவில் பாகு சேர்த்துப் பிடித்த உருண்டை நன்றாக உலர வேண்டும், ஈரத்தோடு முக்கினால் மாவு பிடிக்காது, மாவும் தண்ணீராக இருக்கக் கூடாது. தொழில் ரகசியத்தை அம்மா இப்படிக் கொட்டிவிட்டாளே என்று மகளுக்குக் கோபம். மறுவாரம் அந்த மாமியே இரண்டு கிலோ கேட்டார். செய்து பார்த்தவருக்குத்தானே அதன் பாடு தெரியும்!

அன்றிலிருந்து குழுவின் பேச்சு மாறியது. கலப்படமில்லாத கருப்பட்டி எங்கே கிடைக்கும், நாகர்கோவில் எக்ஸ்பிரசில் இந்த வாரம் யார் வருகிறார்கள், செட்டா நகர் முருகன் கோயிலில் படி ஏற முடியாதவருக்கு என்ன வழி என்றெல்லாம் கேள்விகள் வந்தன. பதில் சொன்னவர் பெரும்பாலும் மதினி அல்ல, குழுவில் இருந்த மற்றவர்கள். விலைப்பட்டியலை வாரத்துக்கு இரண்டு முறை என்று குறைத்தோம். வியாபாரம் கூடியது.

நிற்க. நல்லது மட்டும் நடந்ததாக நினைக்க வேண்டாம். 2022 தீபாவளிக்கு முன்பு ஒருவர் "மிக்சர் காறல் அடிக்கிறது, பழைய எண்ணெயா?" என்று எல்லாரும் பார்க்க எழுதிவிட்டார். குழுவை நடத்துபவர் மற்றவருடைய செய்தியை நீக்கலாம். அந்த வசதி இருக்கிறது. நீக்கிவிடலாம் என்றாள் மகள். மதினி சம்மதிக்கவில்லை. ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆமாம், எண்ணெயை ஒருநாள் கூடுதலாக ஓட்டிவிட்டோம், தப்பு எங்களுடையது. அன்றைக்கு மிக்சர் வாங்கிய எல்லாருக்கும் பணம் திரும்ப வரும்" என்று அதே இடத்தில் பதில் போட்டார். மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாகக் கை நட்டம். புகார் சொன்னவர் இன்றுவரை குழுவில் இருக்கிறார். அந்தத் தீபாவளிக்கு அவர்தான் முதல் ஆர்டர்.

மதினி கேள்விப்பட்டிராத ஒருவரின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். திருச்சியைச் சேர்ந்த கிரீஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து சென்னைக்குக் குடி திரும்பியபோது, அவருடைய 40 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி வழியில் உடைந்துபோனது. இழப்பீட்டுக்காகக் கடிதமும் தொலைபேசியுமாகப் பல மாதம் அலைந்தார், பயனில்லை. கடைசியில், நாடு திரும்புவோர் கூடிப் பேசும் ஓர் இணைய மன்றத்தில் நடந்ததை எழுதினார். உடனே சாமான் ஏற்றிய நிறுவனத்தின் தலைவர் வந்து மன்னிப்புக் கேட்டார். பணமும் வந்து சேர்ந்தது. தனியாகச் சொன்னபோது தள்ளிப் போட முடிந்த குறையை, பத்துப் பேர் நடுவே சொன்னபோது தள்ள முடியவில்லை. 2010-இல் அவரும் நண்பரும் தொடங்கிய ஃபிரெஷ்டெஸ்க், வாடிக்கையாளர் குறைகளைக் கேட்டுப் பதில் சொல்ல உதவும் மென்பொருள். பின்னர் ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் ஏறியது. பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கும் இந்தப் பதில் சொல்லும் வேலையை, நம் சிறு கடைக்காரர் காசில்லாமலே செய்யலாம். கொஞ்சம் ரோஷத்தை விட வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் செய்த பெரிய தவறு வேறு. குழுவில் சேர்ந்தவரின் எண்ணை மற்ற எல்லாரும் பார்க்கலாம். யாரோ ஒரு காப்பீட்டு முகவர் உள்ளே வந்து, பெண்களின் எண்களை எடுத்து ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கிவிட்டார். மூன்று பேர் மனம் நொந்து விலகினார்கள். அதன் பிறகுதான் பிராட்காஸ்ட் பட்டியல் என்ற வசதியைக் கற்றுக்கொண்டோம். ஒரே செய்தி எல்லாருக்கும் தனித்தனியாகப் போகும்; ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். இது தெரியாமல் "அனுப்பினேன், யாரும் வாங்கவில்லை" என்று புலம்புகிறவர்கள் உண்டு. இப்போது விலை பட்டியல் வழியாகப் போகிறது. பேச விரும்புகிறவர்கள் மட்டும் குழுவில் இருக்கிறார்கள். தேர்தல் காலத்தில் அரசியல் போடக்கூடாது என்றும் ஒரு விதி வைத்தோம். அதற்கு முன் நடந்த சண்டையை எழுதினால் இந்த இதழ் போதாது.

இன்ஸ்டாகிராமில் முறுக்கு பிழியும் படம் போட்டோம். பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில், வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதைவிட, மகள் மாதம் ஒன்றாக எழுதும் வலைப்பூ உதவுகிறது. ஒவ்வொரு கட்டுரையும் ஒரு பலகாரத்தைப் பற்றியது. வாட்ஸ்அப்பில் சொன்னது மறுநாளே புதைந்துவிடும். வலைப்பூவில் எழுதியதை இரண்டு வருடம் கழித்தும் ஒருவர் தேடிப் பிடிக்கிறார். புனேயிலிருந்து அப்படித்தான் மூன்று குடும்பங்கள் வந்தன.

இருந்தாலும் எதையும் ஒரே இடத்தில் நம்பி வைக்க வேண்டாம் என்பேன். ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. டிக்டாக் 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் தடை செய்யப்பட்டது. வாடிக்கையாளர்களை அங்கே மட்டும் சேர்த்து வைத்திருந்த வியாபாரிகளுக்கு ஒரே இரவில் கடையே இல்லை. அதெல்லாம் வாடகை மனை.

தாராவிக்காரனுக்கு வாடகை மனை பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1980-களில் சாலை வேலைக்காக என் தகப்பனாரின் வெற்றிலை பாக்குக் கடை இரண்டு தெரு தள்ளிப் போனது. இரண்டே தெருதான். பழைய ஆட்களில் பாதிப்பேர் திரும்ப வரவில்லை. எங்கே போனோம் என்று சொல்ல வழி இருக்கவில்லை. அவர்கள் பெயர்கூட அப்பாவுக்குத் தெரியாது, முகம்தான் தெரியும். இன்று மறுசீரமைப்பு வந்திருக்கிறது. 2022 நவம்பரில் ஒப்பந்தப்புள்ளியில் அதானி குழுமம் முதலிடம் பெற்றது; 2024 மார்ச்சில் கணக்கெடுப்பு தொடங்கியது. மதினியின் அடுப்பு இதே சந்தில் இருக்குமா, வேறெங்காவது போகுமா என்பது எங்களுக்குத் தெரியாது.

அதனால் மகள் ஒரு நீள நோட்டு போட்டிருக்கிறாள். பெயர், இருக்கும் பகுதி, எண், யாருக்கு என்ன பிடிக்கும், யாருக்குச் சர்க்கரை வியாதி. ஒவ்வொருவரிடமும் கேட்டு, சம்மதித்தவர் பெயரை மட்டும் எழுதியிருக்கிறாள். போன மாதம் மதினி குழுவிலேயே கேட்டார், "எங்களை வேறே இடத்துக்கு அனுப்பிட்டா வருவீங்களா?" என்று. செம்பூர் மாமியின் பதில் முதலில் வந்தது: "முலுண்ட் வரைக்கும் வருவேன். அதுக்கு மேலன்னா நீங்கதான் கொண்டு வரணும்."

மளிகைக்கார அன்பரும், இதில் சந்தேகம் உள்ள மற்றவர்களும் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கத்துக்கு வந்தால் பிராட்காஸ்ட் பட்டியல் போடக் காட்டித் தருகிறேன். கைப்பேசியை மறக்காமல் கொண்டு வரவும். மகனையும் கூட்டி வந்தால் நல்லது. எனக்குப் புரியாததை அவன் சொல்லுவான்.