சூட்டைச் சுமக்கும் சில்லு

நான்கு சென்டிமீட்டர் நீளம், அதே அகலம், தடிமன் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. பார்வைக்கு ஒரு வெள்ளைப் பீங்கான் வில்லை. ஓரத்தில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர். 12 வோல்ட் மின்சாரத்தை ஓரிரு நொடி கொடுத்தாலே ஒரு முகம் சில்லிடுகிறது, மறுமுகம் சுடத் தொடங்குகிறது. ஒயர்களை மாற்றிக் கொடுத்தால் சூடும் குளிரும் பக்கம் மாறிக்கொள்கின்றன. கம்ப்ரசர் இல்லை, வாயு இல்லை, அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. வீட்டிலேயே குளிர்பெட்டி செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடி வாங்குவது இந்தப் பெல்டியர் சில்லைத்தான். பலர் வாங்கும் வகையின் எண் 12706. அந்த எண்ணிலேயே அதன் ஜாதகம் இருக்கிறது: உள்ளே 127 ஜோடிகள், தாங்கும் உச்ச மின்னோட்டம் 6 ஆம்பியர்.

பெயருக்குரிய ழான் பெல்டியர், கடிகாரத் தொழிலை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்த பிரெஞ்சுக்காரர். இரண்டு உலோகங்கள் கூடும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் வெப்பநிலை ஏறவோ இறங்கவோ செய்வதை 1834-இல் கண்டார். நான்கு ஆண்டுகள் கழித்து ஹைன்ரிக் லென்ஸ், பிஸ்மத் கம்பியும் ஆன்டிமனி கம்பியும் சேரும் இடத்தில் ஒரு துளி நீரை வைத்து மின்சாரத்தாலேயே உறைய வைத்தார். மின்சாரத்தைத் திருப்பி விட்டார், பனிக்கட்டி உருகியது.

சில்லின் இரண்டு பீங்கான் தகடுகளுக்கு நடுவே நெல்மணியை விடச் சின்னதாக 254 தூண்கள் நிற்கின்றன. எல்லாம் குறைக்கடத்தி, அதாவது உலோகம் அளவுக்கு இல்லாமல் ஓரளவே மின்சாரம் கடத்தும் பொருள். ஒரு தூணில் எலக்ட்ரான்கள் நகர்கின்றன; அடுத்ததில் ‘துளைகள்’ நகர்கின்றன. துளை என்பது எலக்ட்ரான் இருந்திருக்க வேண்டிய காலி இடம். பேருந்தில் முன் இருக்கை காலியானதும் பின்னால் இருப்பவர்கள் ஒவ்வொருவராக முன்னே நகர்ந்தால், காலி இருக்கை பின்னோக்கிப் போவது போலத் தெரியும் அல்லவா, அப்படி. மின்சாரம் ஒரு தூணில் ஏறி, செம்புப் பட்டை வழியே அடுத்த தூணில் இறங்குகிறது. ஆனால் எலக்ட்ரானும் துளையும் மின்சாரத்துக்கு எதிரெதிராக நடந்துகொள்பவை. அதனால் ஏறும் தூணிலும் சரி, இறங்கும் தூணிலும் சரி, சுமைதூக்கிகள் குளிர்ப் பக்கத்தில் வெப்பத்தை ஏற்றிக்கொண்டு சூடான பக்கத்தில்தான் இறக்குகிறார்கள். இந்த ஏற்பாட்டை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

தூண்களின் பொருள் பிஸ்மத் டெல்லுரைடு. அதனிடம் கேட்கப்படும் வேலை முரணானது: மின்சாரத்தைத் தாராளமாக விட வேண்டும், வெப்பத்தைத் தடுக்க வேண்டும். செம்பு இரண்டையும் விட்டுவிடும். கண்ணாடி இரண்டையும் தடுத்துவிடும். பிஸ்மத்தும் டெல்லுரியமும் கனமான அணுக்கள். அவை மந்தமாக அதிர்வதால், மின்சாரம் கடத்தும் இந்தப் பொருள் வெப்பத்தைக் கிட்டத்தட்டக் கண்ணாடியைப் போலவே மெதுவாக விடுகிறது.

இனி பெட்டிக்கு வருவோம். சில்லு குளிரை உண்டாக்குவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் சூட்டை வெளியே கடத்துகிறது. உள்முகத்துக்கும் வெளிமுகத்துக்கும் 40 டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, ஏறத்தாழ 20 வாட் வெப்பத்தை எடுக்க அதுவே 55 வாட் மின்சாரம் தின்னும். இரண்டும் சேர்ந்து 75 வாட் வெளிப்பக்கம் வந்து குவிகிறது, வெறும் 16 சதுர சென்டிமீட்டரில். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டிலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இவ்வளவு வெப்பம்தான். அதை விரட்டாவிட்டால் சூடான முகம் ஏறிக்கொண்டே போய், குளிர்ந்த முகத்தையும் தன்னோடு இழுத்துச் சென்றுவிடும். எனவே முதலில் செலவு செய்ய வேண்டியது சில்லுக்கு அல்ல. வெளியே வைக்கும் அலுமினிய ஹீட் சிங்குக்கும் ஃபேனுக்கும். வெப்பப் பசையை மெல்லிய படலமாகத் தடவி, திருகுகளை மாற்றி மாற்றிச் சமமாக முறுக்க வேண்டும். ஒரு பக்கம் அழுத்தம் கூடினால் பீங்கான் விரிசல் விடும்.

பலரும் மின்சாரத்தைக் கூட்டினால் குளிர் கூடும் என்று நினைக்கிறார்கள். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சுமக்கும் வெப்பம் இரண்டு மடங்காகும். தூண்களின் மின்தடையால் உள்ளே பிறக்கும் சூடோ நான்கு மடங்காகும். அதில் பாதி குளிர்ப் பக்கத்துக்கே திரும்புகிறது. அதனால் ஒரு சில்லை 12 வோல்ட்டில் விரட்டுவதைவிட, இரண்டு சில்லுகளைத் தொடராக இணைத்து ஆளுக்கு 6 வோல்ட் கொடுப்பது சிக்கனம்.

இதையே பெருக்கி ஏ.சி. செய்யலாமா? ஒரு டன் ஏ.சி. சுமார் 3500 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஆளுக்கு 20 வாட் என்றால் 175 சில்லுகள், ஒன்பது கிலோவாட்டுக்கு மேல் மின்சாரம். கம்ப்ரசர் ஏ.சி.க்குச் சுமார் ஒரு கிலோவாட் போதும். சில்லின் இடம் சின்னப் பெட்டிதான்.

அந்தச் சின்னப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த புதிர் ஒன்று உண்டு. ஒவ்வொரு பக்கமும் 30 சென்டிமீட்டர், சுவர் 5 சென்டிமீட்டர் தெர்மோகோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 20 டிகிரி குறைவாக இருந்தால் ஆறு சுவர்களும் சேர்ந்து கசியவிடுவது சுமார் 8 வாட். மின்சாரத்தை நிறுத்தியதும், தீப்பெட்டியளவே உள்ள அந்தச் சில்லு தனியாக ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தை உள்ளே விடும்! இரு புறமும் ஹீட் சிங்குகளின் உலோகத் துடுப்புகள் வேறு அதற்கு வழி திறந்து வைத்திருக்கின்றன. அதனால்தான் குளிர்ந்ததும் அணைத்து, சூடானதும் போடும் வழக்கமான தெர்மோஸ்டாட் இங்கே சரிப்படாது. மின்னோட்டத்தைக் குறைத்து ஓடவிடுவதே நல்லது.

அணைத்ததும் ஒயர்களைக் கழற்றி மல்டிமீட்டரில் கொடுத்துப் பாருங்கள். பேட்டரி எதுவும் இல்லாமலேயே முள் நகரும். திரும்பி நுழையும் வெப்பம் தூண்கள் வழியே வரும்போது சுமைதூக்கிகளைத் தள்ளிக்கொண்டு வருகிறது. சில்லு இப்போது மின்சாரம் தருகிறது. தாமஸ் ஸீபெக் 1821-இல் கண்ட விளைவு இது. 1977-இல் புறப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் புளூட்டோனியத்தின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுப்பதும் இப்படித்தான். முகங்களுக்கிடையே 40 டிகிரி இருந்தால் மீட்டரில் சுமார் 2 வோல்ட் தெரியும். பிறகு ஒன்றரை, ஒன்று, அரை என்று மெல்ல இறங்கி, பெட்டியும் அறையும் ஒரே சூட்டுக்கு வரும்போது முள் பூஜ்ஜியத்தில் நிற்கும்.