சரக்கும் சக்கரமும் – 9: சிப் போட்டால் இழுவை கூடுமா?
சென்ற இதழில் விளக்கப்பட்ட, டீசலை ஒரே பொதுக் குழாயில் உயர் அழுத்தத்தில் தேக்கிவைக்கும் காமன் ரயில் எஞ்சினில், டீசலை எப்போது, எவ்வளவு, எந்த அழுத்தத்தில் பீய்ச்ச வேண்டும் என்பதை இசியு எனப்படும் சிறு கணினி தன் நினைவகத்தில் உள்ள அட்டவணைகளைப் பார்த்து முடிவுசெய்கிறது. அந்த அட்டவணைகளையே திருத்தி எழுதுவது ரீமேப்பிங். அவற்றைத் தொடாமல், எரிபொருள் குழாயின் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் இசியுவுக்கும் இடையே ஒரு பெட்டியைப் பொருத்தி, அழுத்தம் குறைவாக இருப்பதாகக் காட்டி, கூடுதல் டீசலைப் பீய்ச்சவைப்பது இன்னொரு வழி. இவ்விரண்டையுமே ‘சிப் போடுவது’ என்கிறார்கள். ஸ்டீயரிங்கின் கீழுள்ள பரிசோதனைத் துவாரத்தில் செருகினாலே வண்டி பறக்கும் என்று மலிவாக விற்கப்படும் பொருள்களில் பல, விளக்கு மின்னுவதைத் தவிர வேறெதுவும் செய்யாதவை. கடனில் வண்டி வாங்கி ஓட்டுபவரிடம் அவற்றை விற்பது அப்பட்டமான ஏமாற்று.

உண்மையாகவே வேலை செய்யும் சிப், எஞ்சினின் முறுக்குவிசையை, அதாவது தண்டைத் திருகும் வலிமையை, உயர்த்தத்தான் செய்கிறது. ஆனால் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் ஐஸ் பெட்டிகளோடு மீன் ஏற்றித் தேசிய நெடுஞ்சாலை 32 வழியே சிதம்பரம் செல்லும் பிக்கப்புக்கு அந்த வலிமை எந்த இடத்தில் தேவைப்படுகிறது என்பதே கேள்வி. மலையேற்றம் இல்லாத அந்தக் கடலோரச் சமவெளியில், முழு லோடோடு நின்ற நிலையிலிருந்து நகரும் கணம்தான் கடினமானது. அப்போது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போதிய வேகத்தில் சுழல்வதில்லை. காற்று வராத நிலையில் கூடுதலாகப் பீய்ச்சப்படும் டீசல் கரும்புகையாகிறதே தவிர இழுவையாவதில்லை. அங்கே சுமையை நகர்த்துவது கியர்தான்: முதல் கியர் 4 மடங்கும் பின் அச்சின் டிஃபரன்ஷியல் 4 மடங்கும் பெருக்கினால், எஞ்சின் தரும் 100 நியூட்டன் மீட்டர், உராய்வு இழப்பு நீங்கலாக, சக்கரத்தில் 1,600 ஆகிவிடுகிறது. சிப்பின் பலன் டர்போ விழித்தபின், மேல் கியரில் கியர் குறைக்காமல் முந்திச் செல்வதில்தான் தெரியும்.

கியர் மாற்றமும் சிப்பால் இலகுவாகும் என்பது ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கே ஓரளவு பொருந்தும். அவற்றில் எப்போது கியர் மாற வேண்டும் என்பதைத் தனிக் கணினி தீர்மானிப்பதால் அதன் அட்டவணையையும் திருத்த முடியும். இப்பகுதியில் சரக்கு ஏற்றும் பிக்கப்புகளிலோ கியரை மாற்றுவது பெரும்பாலும் ஓட்டுநரின் கைதான். மேலும், முறுக்குவிசைக்கு உற்பத்தியாளர் வரம்பு வைப்பது எஞ்சினை மட்டும் பார்த்தன்று. இந்தியாவில் 2022இல் அறிமுகமான டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லிட்டர் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு 500 நியூட்டன் மீட்டரும், கையால் மாற்றும் கியர்பாக்ஸோடு 420 மட்டுமே தருமாறும் அமைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்தே வரம்பு வகுக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அந்த வரம்பைத் தாண்டும்போது முதலில் தோற்பது கிளட்ச் பிளேட். ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் மட்டுமே விசையைக் கடத்தும் அது, தன் சக்திக்கு மீறிய முறுக்கு வந்தால் வழுக்கி, சூடேறி, கருகுகிறது. அடுத்து டர்போவும் பிஸ்டனும் மிகுந்த வெப்பத்தைத் தாங்க நேர்கிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் விரைவில் அடைபடுகிறது. வண்டியின் பிரேக்கோ அச்சோ சிப்பால் சிறிதும் வலுப்பெறுவதில்லை என்பதால், கூடிய இழுவையை நம்பி லோடைக் கூட்டுவது ஆபத்தானது.

சட்டமும் இதற்கு இடம்கொடுக்கவில்லை. குதிரைத்திறன் பதிவு ஆவணத்தில் இடம்பெறும் விவரம். உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம்.

முன்பு நன்றாக இழுத்த வண்டி இப்போது இழுக்கவில்லையென்றால், பட்டறையில் முதலில் பார்க்கவேண்டியவை ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டயர் காற்று, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குச் செல்லும் ரப்பர் குழாயின் விரிசல் ஆகியவை; இக்குழாயில் காற்று கசியும் வண்டிக்குச் சிப் போட்டால், இல்லாத காற்றுக்குக் கூடுதல் டீசல் ஊற்றப்படுகிறது.