ஒரு ஜாவாவா? மூணு ஜாவாவா?



எங்க அக்கா கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல ஷிப்டு வேலைக்குப் போறா. ராத்திரி வந்து ஜாவா படிக்கிறா. போன மாசம் லேப்டாப்பில் ஜாவாவை இறக்கினாள். நிரல் எழுதி ‘ஜாவாசி’ என்று கட்டளை கொடுத்தால், அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்று திரையில் வந்தது. நாலு நாளா இதே கதை. “எனக்குப் படிப்பு வராதுடி”ன்னு அழுதுட்டா.

தப்பு அக்கா மேல இல்லை. அவள் இறக்கியதில் ஒரு பொருள் குறைந்தது!

ஜாவா ஒரு கணினி மொழி. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங் குழுவினர் உருவாக்கி, 1995-ல் வெளிவந்தது. 2010-ல் அந்த நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது.

இட்லியை வைத்துச் சொல்றேன், சுலபமா புரியும்.

1. ஜாவாசி – கிரைண்டர். நாம் எழுதும் நிரல் ஊறவைத்த அரிசி மாதிரி. அதை ‘பைட்கோடு’ என்ற மாவாக அரைக்கும்.

2. ஜேவிஎம் – இட்லிப் பானை. விறகடுப்போ கேஸோ, ஒரே மாவு வேகும். விண்டோஸோ லினக்ஸோ, அதற்கேற்ற ஜேவிஎம் இருந்தால் ஒரே பைட்கோடு ஓடும்.

3. ஜேஆர்இ – பானை, தட்டு, துணி சேர்ந்த செட். அரைத்த மாவை வேகவைக்க மட்டும்.

4. ஜேடிகே – அந்தச் செட்டோடு கிரைண்டரும்.

அக்கா இறக்கியது ஜேஆர்இ. கிரைண்டரே இல்லாம எப்படி அரைக்கிறது? 2018-ல் வந்த ஜாவா 11 முதல் ஆரக்கிள் ஜேஆர்இ-யைத் தனியாகத் தருவதில்லை. 2014-ல் வந்த ஜாவா 8-க்கு இன்னும் கிடைக்கிறது. அங்கேதான் ஏமாந்தோம்.

இனி பதிப்புகள். 1999-ல் ஜாவாவை மூன்றாகப் பிரித்தார்கள்.

எஸ்இ – வீட்டுச் சமையல். மொழியும் அடிப்படை நூலகங்களும்.

இஇ – கல்யாணச் சமையல். எஸ்இ மேலேயே கட்டியது. ஒரே நேரத்தில் பலர் நுழையும் பெரிய நிறுவன வேலைகளுக்கு. 2018-ல் ‘ஜகார்த்தா இஇ’ என்று பெயர் மாறியது.

எம்இ – டிபன் பாக்ஸ். பழைய பட்டன் போன் விளையாட்டுகள் பல இதில் ஓடின.

மொழி ஒன்றுதான், பாத்திரம்தான் வேறு. ஒரு பயிற்சி நிலையத்தில், மூணும் தனித்தனி மொழி, தனித்தனி பீஸ் என்று சொன்னாங்களாம். அக்கா ஒரு மாசச் சம்பளத்தையே கட்டப் பார்த்தா! முதலில் எஸ்இ படித்தால் போதும். ‘ஓபன்ஜேடிகே’ இலவசமாகவே கிடைக்கிறது.

அக்கா அதைப் போட்டாள். (அப்பவும் அதே செய்தி வந்தால் ‘பாத்’ அமைப்பைச் சரிபாருங்கள்.) திரையில் ‘வணக்கம்’ என்று வந்தபோது ராத்திரி 11 மணி. தூங்கின அம்மாவை எழுப்பிக் காட்டினா.

கருவி குறைந்தால் அறிவு குறைவுன்னு நினைக்காதீங்க தோழிகளே!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி