தேன் கடைசியில்தான்

நெல்லித்தோப்பு மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது எங்கள் பக்கத்தில் பலருக்குப் பழக்கம். பன்றிக்கறி என்றால் மிளகு போட்டு வறுவல், இல்லாவிட்டால் வினிகர் ஊற்றி விந்தாலு. அதே கறியைச் சிவக்கச் சுட்டு, தேன் மினுமினுக்கத் தட்டில் வைக்கலாம் என்று எனக்குக் காட்டியவர், சைகோனிலிருந்து திரும்பி வந்து எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு பெரியம்மா. அவர் அதை ‘சா சீயு’ என்பார்.

அது வியட்நாமியர் வாய்க்கு வந்த சீனச் சொல். கான்டன் பகுதிச் சீனர்கள் ‘சார் சியூ’ என்பார்கள். ‘சார்’ என்றால் கவைமுள், ‘சியூ’ என்றால் சுடுவது. கறியை முள்ளில் குத்தித் தீயில் காட்டிய காலத்துப் பெயர் அது. சைகோனை ஒட்டியிருந்த சோலோனில் கான்டன்காரர்கள் ஏராளமாகக் குடியேறியிருந்தார்கள். புதுச்சேரிக்காரர்களும் 19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு ஆட்சியின் உத்தியோகங்களுக்காகவும் பட்டாளத்துக்காகவும் சைகோனுக்குக் கப்பலேறினார்கள். பிறகு வியட்நாமில் ஆட்சி மாறியபோது, 1954க்குப் பிறகும் 1975ஐ ஒட்டியும், பல குடும்பங்கள் ஊர் திரும்பின. அவர்களோடு வந்த நெம் என்ற கறிச்சுருள் இன்றும் புதுச்சேரி விருந்துகளில் பொரிகிறது. சா சீயுவுக்கு அந்தப் பேர் கிடைக்கவில்லை. அதைச் சொல்லித்தர எனக்கு ஆசை.

இதில் முதல் வேலை கத்திக்குத்தான். கழுத்துக்கறியோ தோள்கறியோ ஒரு கிலோ வாங்குங்கள். கொழுப்பு இழையிழையாக ஓடியிருக்க வேண்டும். தொடைக்கறி காய்ந்துபோகும். குழம்புக்குப் போல் சிறு துண்டாக வெட்டாமல், ஒரு சாண் நீளம், மூன்று விரல் அகலப் பட்டைகளாக வெட்டச் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது. ஊறவைக்கும்போது உப்பு மட்டுமே கறிக்குள் மெல்ல மெல்ல ஆழம் போகும். வண்ணமும் வாசனையும் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. பட்டை குறுகலாக இருந்தால், ஒவ்வொரு வாய்க்கும் அந்த மேற்பரப்பு கொஞ்சம் வந்துவிடும்.

ஊறவைக்கிற கலவையைக் கண்டு மலைக்க வேண்டாம். ஐந்து மசாலாப் பொடியில் அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு நான்கும் நம் பிரியாணி டப்பாவிலேயே இருக்கின்றன. ஐந்தாவது சிச்சுவான் மிளகு. அது கிடைக்காவிட்டால் நம் மிளகைக் கொஞ்சம் போடலாம், நாக்கில் அந்த மரப்பு மட்டும் வராது. ஒரு தேக்கரண்டிப் பொடி, இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், மூன்று மேசைக்கரண்டி ஹொய்சின் சாஸ், அதே அளவு சர்க்கரை, நசுக்கிய பூண்டு. ஹொய்சின் என்றால் கடலுணவு என்று பொருள், ஆனால் உள்ளே மீன் வாடையே கிடையாது. புளித்த சோயாவும் சர்க்கரையும் பூண்டும்தான். எல்லாவற்றையும் பிசறி ஓர் இரவு பிரிட்ஜில் வையுங்கள்.

சிவப்பு நிறம் மரபில் சிவப்பரிசியிலிருந்து வருவது. நம் மாப்பிள்ளைச் சம்பா அல்ல. வெந்த சோற்றில் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்த்து, அது சோற்றைச் சிவக்க வைத்த பிறகு காயவைப்பார்கள். அந்த நிறம் சூட்டைத் தாங்கும். பீட்ரூட் சாறு தாங்காது, அடுப்பில் பழுப்பாகிவிடும். நான் காஷ்மீரி மிளகாய்த்தூளைக் கொஞ்சம் சேர்க்கிறேன். சிவப்புச் சாயப்பொடி வேண்டவே வேண்டாம்.

இனி அடுப்பு. சீனக் கடைகளில் பட்டைகளைக் கொக்கியில் மாட்டி அடுப்புக்குள் தொங்கவிடுவார்கள். சூடு எல்லாப் பக்கமும் படும், உருகும் கொழுப்பு கறி மேலேயே வழிந்து அதை நனைக்கும். வீட்டு ஓடிஜி அடுப்பில் அதற்கு உயரம் போதாது. கம்பித்தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, அடியில் ஒரு தட்டு வைத்து இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால், சொட்டுகிற கொழுப்பும் சர்க்கரையும் சூட்டுத் தட்டில் கருகி வீடு முழுக்கப் புகையாகும், அந்தக் கசப்பு கறியிலும் ஏறும்.

முதல் தடவை செய்தபோது கறியை உள்ளே வைக்கும் முன்பே தேனைத் தாராளமாகப் பூசினேன். கால்மணி நேரத்தில் மேலே கரி, உள்ளே பச்சை. பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, “தேன் கடைசியிலதான்டா தம்பி. கறி வேகட்டும், அப்புறம் அலங்காரம்” என்றார்.

அவர் சொன்னதில் வேதியியல் இருக்கிறது. சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலங்களும் சூட்டில் கூடிப் பழுப்பாகி மணப்பதை 1912இல் விளக்கியவர் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர். நம் வெள்ளைச் சர்க்கரை உடைந்த பிறகுதான் இந்த வேலையில் இறங்கும். தேனிலுள்ள பிரக்டோஸும் குளுக்கோஸும் உடனே இறங்கிவிடும். சர்க்கரை தானே பழுப்பாவதும் உண்டு: பிரக்டோஸ் ஏறக்குறைய 110 டிகிரியிலேயே பழுப்பாக ஆரம்பிக்கும், வெள்ளைச் சர்க்கரைக்கு 160 டிகிரி வேண்டும். அடுப்போ 200 டிகிரியில் நிற்கிறது. முதலிலேயே பூசிய தேன் எப்படித் தப்பும்?

ஆகவே 200 டிகிரியில் 25 நிமிடம், திருப்பிப் போட்டு 180 டிகிரியில் இன்னொரு 15 நிமிடம். அதற்குப் பிறகு, வெந்நீரில் தளர்த்திய தேனைத் தூரிகையால் தடவி ஐந்து நிமிடம், திருப்பித் தடவி மறுபடி ஐந்து நிமிடம். இந்தப் பத்து நிமிடமும் அடுப்பை விட்டு நகராதீர்கள். குமிழ் கிளம்பி, ஓரங்கள் மட்டும் கருமை தட்டும் கணத்தில் வெளியே எடுக்க வேண்டும். அந்தக் கருகல் ஓரத்துக்குத்தான் வீட்டில் சண்டை வரும்.

ஒன்றில் மட்டும் சமரசம் கூடாது. பன்றிக்கறியில் நாடாப்புழுவின் கட்டிகள் இருக்கக்கூடும். வெப்பமானி இருந்தால் தடித்த பட்டையின் நடுவில் குத்திப் பாருங்கள், 75 டிகிரி காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பட்டையை நடுவில் வெட்டிப் பாருங்கள், பச்சைச் சதை கண்ணில் படக்கூடாது. பச்சைக்கறி ஊறிய கலவையையும் கொதிக்க வைக்காமல் மேலே ஊற்றாதீர்கள்.

எடுத்ததும் வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். பத்து நிமிடம் ஆறட்டும். பிறகு கறியின் இழைக்குக் குறுக்காக, விரல் தடிமனில் வெட்டுங்கள். சூடான வெறும் சோறு போதும். பெரியம்மா நீள ரொட்டியைப் பிளந்து, கறியும் வெள்ளரிக்காயும் கொத்தமல்லித் தழையும் வைத்து, வினிகரில் ஊறிய கேரட்டையும் திணித்துக் கையில் கொடுப்பார். சைகோன் தெருவில் விற்பது அதுதான். ரொட்டியை மட்டும் புதுச்சேரி பேக்கரியில் வாங்குவார்.