மருந்தியல் படிப்புக்கு மூன்று வழிகள்

நம் சங்க அங்கத்தினரின் குடும்பங்களில் மேல்நிலைப் பள்ளியை முடிக்கும் பிள்ளைகள் பலர் மருந்தியல் கல்வியை நாடுகின்றனர். அரசுக் கல்லூரிகளில் இடங்கள் சிலவே. விண்ணப்பிப்போரோ மிகப் பலர். இடம் கிடைக்கவில்லை என்றவுடன் தறியையோ நிலத்தையோ ஈடு வைத்து, தரகர் காட்டிய இடத்தில் பணங் கட்டிவிடும் பெற்றோரும் உளர். இத்துறைக்குள் செல்ல மூன்று வழிகள் உண்டென்பதை முன்னரே அறிந்திருந்தால் இவ்விடர் பெரிதும் நீங்கும்.

முதலாவது, டி.பார்ம். எனும் பட்டயப் படிப்பு. இதற்கு 2 ஆண்டுகள். அதன்பின் 3 மாதங்களுக்குக் குறையாமல் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி. மருந்தாளுநராகப் பதிவு பெறக் குறைந்தபட்சத் தகுதி இதுவே. 2022-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகள் பதிவுக்கு முன் ஒரு தனித் தேர்வையும் ஏற்படுத்தின. மருந்துக் கடைக்கும் மருத்துவமனை மருந்தகத்துக்கும் உரிய படிப்பு இது.

இரண்டாவது, பி.பார்ம். எனும் பட்டப் படிப்பு. 4 ஆண்டுகள், 8 பருவங்கள். மருந்து உற்பத்தி செய்யும் ஆலை, ஆய்வுக்கூடம், அரசின் மருந்து ஆய்வாளர் பதவி ஆகியவற்றை விரும்புவோருக்கு ஏற்றது. ஆய்வாளர் பதவிக்குப் பட்டயம் மட்டும் போதாது.

மூன்றாவது, 2008-ஆம் ஆண்டில் வந்த பார்ம்.டி. கல்லூரியில் 5 ஆண்டுகள், மருத்துவமனைப் பயிற்சியில் ஓராண்டு, ஆக 6 ஆண்டுகள். நோயாளிக்குத் தரும் மருந்தின் அளவு, பக்கவிளைவு முதலியவற்றை மருத்துவருடன் இருந்து கவனிக்கும் பணிக்கான கல்வி இது. நீண்ட காலச் செலவைத் தாங்கக் கூடியவரே இதில் இறங்குதல் நன்று.

இம்மூன்றுக்கும் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். அவற்றுடன் உயிரியலோ கணிதமோ வேண்டும். ஆகவே பதினோராம் வகுப்பில் பாடப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் அன்றே இவ்வழி திறக்கிறது அல்லது அடைபடுகிறது. தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு பி.பார்ம். இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. நீட் தேர்வு வேண்டுவதில்லை. சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரிகளில் இப்படிப்பு உண்டு. அண்டை மாநிலங்களான ஆந்திரம், கருநாடகம் ஆகியவற்றில் பொது நுழைவுத் தேர்வு நடைபெறுகிறது.

மதிப்பெண் உயர்ந்து, அரசு இடமும் கிடைத்தால் நேரே பி.பார்ம். சேர்வதே சிறந்தது. கிடைக்காதவர் மனந்தளர வேண்டா. டி.பார்ம். தேறியவர் பி.பார்ம். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர விதி இடந்தருகிறது. அவ்வாறாயின் பட்டம் பெற 2-உம் 3-உமாக 5 ஆண்டுகள், அத்துடன் பயிற்சிக் காலமும் ஆகும். ஓராண்டுக்குச் சற்று மேல் கூடுதலாகச் செல்வது மெய்யே. ஆனால் குடும்பத்தில் நோயோ நெருக்கடியோ வந்து படிப்பு இடையில் நின்றாலும், பதிவு பெற்ற மருந்தாளுநர் என்ற தொழில் கையில் நிற்கும். சில காலம் ஊதியம் ஈட்டிப் பின்னர் மேலே படிக்கவும் இயலும். ஒரே தறியின் வருவாயில் வாழும் வீட்டுக்கு இஃது அற்பமான ஆதாயமன்று. டி.பார்ம். முடித்தவர் பார்ம்.டி.யில் சேரின் முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

எவ்வழியாயினும் கவனிக்க வேண்டியது ஒன்று. பாவு ஓட்டுமுன் நூலின் நம்பரைப் பார்க்கிறோம். விதைக்குமுன் சான்று அட்டையைப் பார்க்கிறோம். அதுபோலப் பணங் கட்டுமுன், 1948-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய மருந்தியல் கழகத்தின் அங்கீகாரம் அக்கல்லூரியின் அப்படிப்புக்கு உண்டா என்று பார்த்தல் வேண்டும். அங்கீகாரமில்லாத படிப்பு பதிவுக்கு உதவாது. கட்டிய பணமும் கழிந்த ஆண்டுகளும் திரும்பா. பார்ம்.டி.யாயின், 300 படுக்கைகளுக்குக் குறையாத மருத்துவமனை எதுவென்றும் கேட்டறிதல் வேண்டும்.

பிள்ளை எந்த வேலையைச் செய்ய விரும்புகிறான் அல்லது விரும்புகிறாள் என்பதை முதலில் கேட்போம். பின்னர் வீட்டின் வரவு செலவைக் கணக்கிடுவோம். படிப்பின் பெயரை மூன்றாவதாக நோக்குவோம். இவ்வொழுங்கில் எண்ணித் துணிந்தால், கல்விக்கென நாம் செலவிடும் காசு வீணாகாது.